ஏற்காட்டின் உயரத்தில் தரை தொடங்கும் நாடு: லெசோத்தோ சைக்கிள் பயணத்துக்கு ஏழு மாத வேலை

போன ஏப்ரலில் லெசோத்தோ மலைகளில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். சைக்கிளில். பார்த்த மலைகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முந்தைய ஏழு மாதம் வண்டியிலும் வரைபடத்திலும் செய்த வேலைகளை மறப்பதற்குள் எழுதிவைக்க வேண்டும். சுமையோடு ஒரு மலைநாட்டுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குகள் பயன்படும்.

லெசோத்தோ தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கும் நாடு. நான்கு பக்கமும் அந்த ஒரே நாட்டின் எல்லைதான். பரப்பு 30,355 சதுர கி.மீ. 1966 அக்டோபர் 4 வரை பசுட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. முழுக்க முழுக்க 1,000 மீட்டருக்கு மேலேயே கிடக்கும் நாடு உலகத்தில் இது ஒன்றுதான். அங்கே ஆகத் தாழ்வான இடமே 1,400 மீட்டர். செங்கு ஆறும் மக்காலெங் ஆறும் கூடும் இடம் அது.

நான் சேலத்துக்காரன். கோடையில் நாங்கள் ஓடி ஏறுகிற ஏற்காடு ஏறக்குறைய எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் லெசோத்தோவின் பள்ளம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நான் வண்டியோடு கடக்க நினைத்த கொட்டிசெபோலா கணவாயில் சாலையே 3,240 மீட்டரில் போகிறது. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். எழுதினேனே தவிர அவை சொல்வது என்னவென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அடுத்த பக்கத்தில் எழுதிய முதல் திட்டம் இன்னும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து சானி கணவாய் ஏறி, மொக்கோட்லாங், லெட்செங், புட்டா-புட்டே, கட்சே அணை, தாபா-ட்செகா, செமொன்கோங், மாலேயாலேயா, கடைசியில் தலைநகர் மசேரு. மொத்தம் 720 கி.மீ., பன்னிரண்டு நாள், நாளுக்கு 60. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஈரோடு போய்த் திரும்பும் தூரம் அதைவிட இரண்டு மடங்கு. அதனால் 60 என்பது ஓய்வெடுத்துக்கொண்டே ஓட்டும் தூரமாகத்தான் தெரிந்தது.

கிலோமீட்டரை அழித்தது

ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வழியை வரைய ஆரம்பித்தேன். லெசோத்தோவுக்கு அந்த வரைபடம் ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாக இருக்கும். அயர்லாந்து ஆர்வலர்களும் லெசோத்தோவின் நகரமைப்பு அலுவலர்களும் சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களை வைத்து ஊர் ஊராக, குடிசை குடிசையாக வரைந்தது அது. ஆட்டுப்பாதைகூட இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பாதைகளைப் பார்க்கும்போது முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது.

வழியை வரைந்து முடித்ததும் மென்பொருள் மொத்த ஏற்றத்தைச் சொல்லும். எனக்குச் சொன்னது 18,500 மீட்டர். நம்ப முடியவில்லை. தோண்டிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. இந்த உயரக் கணக்குக்கு அடிப்படை 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த அளவீடு. பூமியைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் வைத்திருக்கிறது. செங்குத்துச் சரிவில் வெட்டிய சாலைக்கு அந்தக் கட்டம் பெரிது. சாலைக் கோடு இருபது மீட்டர் தள்ளி விழுந்தாலும் உயரம் பத்து மீட்டர் மாறிவிடும். சமமாகப் போகிற சாலையைக்கூட மென்பொருள் ரம்பப் பல்லாக ஏற்றி இறக்கிக் கூட்டிவிடும்.

எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்று கண்டுபிடிக்க ஏற்காடு கைகொடுத்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் சைக்கிள் மீட்டர் என்னிடம் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏரி வரை மூன்று முறை ஏறினேன். மீட்டர் காட்டியது 1,010 மீட்டர். மூன்று தடவையும் பத்து, பதினைந்து மீட்டருக்குள்தான் வித்தியாசம். அதே சாலைக்கு மென்பொருள் சொன்னது 1,240. அதாவது 0.81 மடங்கு. அந்த விகிதத்தால் பெருக்கினால் என் வழியின் ஏற்றம் சுமார் 15,000 மீட்டர். குறைந்ததில் மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை. அதுவே பதினைந்து ஏற்காடு.

அப்புறம்தான் நேரத்தைக் கணக்குப் போட்டேன். 16 கிலோ மணல் மூட்டை கட்டி மூன்று வாரம் ஏற்காட்டுப் பாதையிலும் மண் பாதைகளிலும் ஓட்டிப் பார்த்து எனக்கென்று ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டேன். தார்ச்சாலையில் 15 கி.மீ.க்கு ஒரு மணி. கப்பிச்சாலையில் 10 கி.மீ.க்கு ஒரு மணி. இது தவிர ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தனியாக ஒரு மணி. முதல் திட்டத்தை இதில் போட்டால் 110 மணி வந்தது.

ஒரு நாளில் எத்தனை மணி ஓட்டலாம்? ஏப்ரல் நடுவில் அங்கே காலை ஆறரையை ஒட்டித்தான் விடியும், மாலை ஆறுக்கு முன்னால் இருட்டிவிடும். பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வெளிச்சம். கூடாரம் பிரிக்கவும் போடவும் இரண்டு மணி, சாப்பாடும் ஓய்வும் ஒன்றரை, பஞ்சர் மாதிரியான தடங்கலுக்கு ஒரு மணி. மீதி ஏழு. 110-ஐ ஏழால் வகுத்தால் பதினாறு நாள். என்னிடம் இருந்தது பன்னிரண்டு.

அன்றிரவு நோட்டில் கி.மீ. என்ற பத்தியை அழித்துவிட்டு ‘மணி’ என்று எழுதினேன். இந்த ஏழு மாதத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கட்சே அணைதான் மனசைப் பிடித்து இழுத்தது. 185 மீட்டர் உயரம், 1996-ல் கட்டி முடித்தது. மலைகளுக்கு நடுவே தேக்கும் தண்ணீர் சுரங்கக் குழாய் வழியாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. ஆனாலும் விட்டேன். லெட்செங், புட்டா-புட்டே, மாலேயாலேயா எல்லாம் போயின. மிஞ்சியது சானி அடிவாரம், மொக்கோட்லாங், தாபா-ட்செகா, மசேரு. 365 கி.மீ., ஏறக்குறைய 8,000 மீட்டர் ஏற்றம், ஒன்பது ஓட்ட நாள். இரண்டு நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். கடைசி நாள் செமொன்கோங்குக்கு மினிபஸ்ஸில் போய் வருவது. அங்கே மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. ஊர்ப்பெயருக்கே புகை எழும் இடம் என்று பொருள்.

பல் சக்கரக் கணக்கு

என்னுடையது 29 அங்குலச் சக்கரம் உள்ள சாதாரண மலைச் சைக்கிள். முன்னால் 42, 32, 22 பல். பின்னால் எட்டு அடுக்காகப் பல் சக்கரங்கள், 11 பல் முதல் 32 பல் வரை. ஆகச் சிறிய கியரில், அதாவது முன்னால் 22, பின்னால் 32 போட்டு, பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி 1.57 மீட்டர் போகும். நிமிடத்துக்கு அறுபது சுற்று என்றால் மணிக்கு 5.7 கி.மீ. அதைவிட மெதுவாக மிதித்தால் முட்டி வலிக்கும்.

நான் 72 கிலோ, வண்டி 15, சுமை 16. மொத்தம் 103 கிலோ. நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏறும் கப்பிச்சாலையில் அந்த வேகத்தில் போக 215 வாட் சக்தி வேண்டும். ஏற்காடு ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் நான் விடாமல் தரக்கூடியது 180 வாட்தான். அதுவும் நம் ஊர்க் காற்றில். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 விழுக்காடுதான். என் சக்தியில் 15 விழுக்காடு கழித்துக்கொண்டேன். 153 வாட்.

பின்னால் மாட்ட, 11 முதல் 40 பல் வரை உள்ள எட்டு அடுக்கு கேசட், அதாவது பல் சக்கரத் தொகுதி, வாங்கினேன். 22-க்கு 40 என்றால் ஒரு சுற்றுக்கு 1.26 மீட்டர், மணிக்கு 4.5 கி.மீ., தேவை 172 வாட். இதுவும் என் 153-க்கு மேலேதான். அதனால் உயரமான இடத்தில் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேல் சரிவு வந்தால் இறங்கித் தள்ளுவது என்று வீட்டிலேயே முடிவு செய்தேன். முன்பே முடிவு செய்துவிட்டதால் அங்கே தள்ளும்போது மனசு தளரவில்லை.

கேசட்டை மாட்டியதும் வேலை முடியவில்லை. செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டீரெய்லர் 34 பல்லுக்கு மேல் ஏறாது. மேல் உருளை பெரிய பல்லில் உரசி கடகடவென்று சத்தம் போட்டது. டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கருக்குக் கீழே ஒரு சிறு அலுமினியத் துண்டு போட்டு டீரெய்லரைத் தாழ்த்த வேண்டும். போட்டேன். உரசல் நின்றது. அடுத்து செயின். முன்னால் மூன்று வளையமும் இருந்தால் டீரெய்லர் இழுத்துப்பிடிக்க வேண்டிய பல் வித்தியாசம் 49; என்னுடையதால் முடிந்தது 43. 42 பல் வளையத்தைக் கழற்றிவிட்டேன். வித்தியாசம் 39 ஆனது. முன் டீரெய்லர் மூன்றாவது இடத்துக்குத் தாவாமல் இருக்க அதன் எல்லைத் திருகை உள்ளே முடுக்கினேன். புதுச் செயினைப் பெரிய பல்லுக்குப் பெரிய பல் சுற்றிப் பார்த்து, இரண்டு கண்ணி கூடுதலாக வைத்து வெட்டினேன். குட்டையாக வெட்டியிருந்தால் முதல் மேட்டிலேயே டீரெய்லர் பிய்ந்திருக்கும்.

பெரிய வளையம் போனதால் இறக்கத்தில் மிதிக்க கியர் இருக்காதே என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்த மலை இறக்கங்களில் மிதிக்க வேண்டிய தேவையே வராது. பிரேக் பிடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

பிரேக்

அதைக் கொல்லிமலையில் தெரிந்துகொண்டேன். 70 கொண்டை ஊசி வளைவு. மணல் மூட்டையோடு இறங்கினேன். பாதி வளைவு தாண்டியதும் கருகல் வாடை. லீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்தது. ஓரமாக நிறுத்தி, பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டர் மேல் தண்ணீர் தெளித்தேன். சுருக்கென்று ஆவியாகிப் போனது. தெளித்தது தப்பு, சூடான தகடு அப்படிக் குளிர்ந்தால் வளைந்துவிடும். நல்ல வேளை, என்னுடையது வளையவில்லை.

103 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் பத்து லட்சம் ஜூல். காற்று வாங்கிக்கொள்வது போக மீதியெல்லாம் பிரேக்கில்தான் சூடாக மாறும். மூன்று லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ஓர் உள்ளங்கை அகலத் தகடு அத்தனையையும் தாங்குகிறது.

ரோட்டரைக் கவ்வும் பேடு ரெசினில் செய்ததாக இருந்தால் சூட்டில் பிடிப்பை இழக்கும். உலோகத்தூள் கலந்த பேடு தாங்கும். வாங்கி வந்து மாட்டப் போனபோது ரோட்டரில் பொடி எழுத்தில் ‘ரெசின் பேடு மட்டும்’ என்று பொறித்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், அந்த எழுத்து கண்ணில் படவே இல்லை. மென்மையான எஃகில் செய்த ரோட்டர் அது; உலோகப் பேடு போட்டால் தகடே தேய்ந்துவிடும். ஆக ரோட்டரையும் மாற்றினேன். முன்சக்கரத்துக்கு 160 மி.மீ.க்குப் பதில் 180, அதற்கு ஒரு அடாப்டர். உங்கள் வண்டியிலும் பேடு மாற்றுவதற்கு முன்னால் ரோட்டரைத் துடைத்துப் படித்துப் பாருங்கள்.

திரும்பவும் கொல்லிமலை. இந்த முறை பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்காமல், விட்டுவிட்டு அழுத்தமாகப் பிடித்தேன். பத்து வளைவுக்கு ஒரு முறை நின்றேன். அடிவாரம் வரை லீவர் இறுக்கமாகவே இருந்தது.

லாரிக் கடையில் தைத்த பை

சங்ககிரிப் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை ஒன்றில் பின்பக்கப் பைகளைத் தைத்தேன். கடைக்கார அண்ணன் அட்டை மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்து, “எத்தனை கிலோ தம்பி வைப்பே?” என்றார். பக்கத்துக்கு ஆறு என்றேன். “குலுங்குமா?” “நல்லாக் குலுங்கும் அண்ணே.” அப்படியானால் பின்பக்கத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பலகை வேண்டும், இல்லாவிட்டால் பை சக்கரத்துக்குள் வளைந்து போகும் என்று அவரே சொல்லி, பழைய பெயிண்ட் டிரம்மிலிருந்து வெட்டிக் கொடுத்தார். வாயை ரோலாகச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி வைத்தோம். தையல் ஓட்டைகளில் ஒட்டுப்பசை பூசினோம். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைத்துப் பார்த்ததில் ஒரு பைக்குள் இரண்டு கரண்டி தண்ணீர், இன்னொன்று காய்ந்தபடியே.

பக்கத்துப் பட்டறையில் இருந்த மெக்கானிக், கேரியரைப் பார்த்துவிட்டு குழாயைச் சுற்றித் திருகி இறுக்கும் உலோகப் பட்டையான ஹோஸ் கிளாம்ப் இரண்டைக் கையில் திணித்தார். “போல்ட்டு உடைஞ்சா இதைப் போட்டு இறுக்கிக்க.” ஐம்பது கிராம் எடையைக் குறைக்க நான் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனாலும் வாங்கி வைத்தேன்.

குளிரும் இடியும்

லெசோத்தோவில் மழைக்காலம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கோடை மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் கடுமையாக இருக்கும். மரமே இல்லாத மேட்டில் இரும்பு வண்டியோடு நிற்பவனுக்கு அதுதான் பெரிய ஆபத்து. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி. லெட்செங் பக்கம் மைனஸ் 20 டிகிரி வரை போனதுண்டு. மழை ஓய்ந்து, பனி தொடங்காத இடைவெளியாக ஏப்ரல் நடுவைத் தேர்ந்தேன். எந்தக் கணவாயையும் மதியம் ஒரு மணிக்குள் தாண்டிவிட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டேன்.

தூக்கப் பையைச் சோதிக்க ஜனவரியில் உதகைக்கு அருகே தலைக்குந்தா போனேன். தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் கூடாரம் போட்டேன். விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. மூன்று மணிக்குப் பாதம் விறைத்து விழிப்பு வந்துவிட்டது. பை நன்றாகத்தான் இருந்தது. சூடு கீழே தரைக்குள் போயிருக்கிறது. மறுநாள் ராத்திரி பாய்க்கு அடியில் இன்னொரு நுரைப்பாய் போட்டு, காலடியில் வெந்நீர்ப் புட்டியை வைத்துப் படுத்தேன். ஆறு மணி வரை தூங்கினேன்.

சாப்பாடு பற்றி ஒரே விஷயம்தான். 2,900 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அதனால் அவல். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் வாங்கினேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் போய் இறங்கிய ஊர் அது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மசாலாக் கடையில் தேவையான எல்லாமே கிடைத்தது.

விசா, ஊசி, பிளக்

விசாவில் மூன்று வாரம் வீணானது. லெசோத்தோவுக்குத் தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் நுழைய முடியும், அது வழியாகத்தான் வெளியேறவும் முடியும். ஆகத் தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைவு விசாவாக இருக்க வேண்டும். பயண முகவர் ஒருவர் படிவத்தில் ஒருமுறை நுழைவு என்று நிரப்பியிருந்தார். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விசா வந்த பிறகுதான் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து. லெசோத்தோவுக்கு புது தில்லியில் தூதரகம் இருக்கிறது. அந்த விசாவுக்கு நானே நேராக எழுதினேன்.

விமானம் அடிஸ் அபாபா வழியாக. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். என் காத்திருப்பு அதைவிடக் குறைவுதான். ஆனால் விமானம் தாமதமானால் என்ன செய்வது, திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்தில் கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அதற்குத் தக்கபடி முன்கூட்டியே போய்விடுங்கள். லெசோத்தோவில் மலேரியா கிடையாது, அந்த மாத்திரை தேவைப்படவில்லை.

பிளக் விஷயம் பலருக்குத் தெரியாது. நம் வீட்டில் கீசருக்குப் போடுகிற பெரிய மூன்று உருண்டைப் பின் பிளக்தான் அங்கே வழக்கம். தனி அடாப்டர் தேடாமல், அந்தப் பெரிய பிளக் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை எடுத்துப் போனேன். பணம் லோட்டி, பன்மையில் மலோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சரிசமம். ராண்டும் அங்கே செல்லும். மலோட்டியைத் தென்னாப்பிரிக்காவில் வாங்க மாட்டார்கள் என்பதால், கடைசி இரண்டு நாள் மீதிச் சில்லறையை ராண்டாகக் கேட்டு வாங்கினேன்.

பேச்சு

செசோத்தோ மொழியில் இருபது சொல் கற்றுக்கொண்டேன். லெசோத்தோவில் எழுதுகிற முறையில் ஒரு நுட்பம் உண்டு: இகரம், உகரத்துக்கு முன்னால் வரும் ‘ல’வை ‘ட’ போல ஒலிக்க வேண்டும். ‘லுமேலா’ என்று எழுதி ‘டுமேலா’ என்று சொல்வார்கள். வணக்கம் என்று பொருள். ஆண்களை ‘ன்டாட்டே’ என்றும் பெண்களை ‘ம்மே’ என்றும் அழைக்க வேண்டும். அப்பா, அம்மா என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரையும் ஐயா, அம்மா என்றே கூப்பிட்டுப் பழகிய நமக்கு அது நாவில் உடனே உட்கார்ந்துவிடும். எங்கே கூடாரம் போட்டாலும் ஊர்த் தலைவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதும் அங்கே கட்டாயமான மரியாதை. அதற்கான வாக்கியத்தைப் பல நாள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நான்கு ஊரில் கேட்டேன், நான்கிலும் இடம் கொடுத்தார்கள். ஒரு ஊரில் ஒரு ம்மே, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கையால் காட்டி, கூடாரத்தின் வாசலைத் திருப்பிப் போடச் சொன்னார்.

அங்கே போன பிறகு

கடல்மட்டத்திலிருந்து நேராக 2,876 மீட்டரில் உள்ள சானி உச்சிக்குப் போவது உடம்புக்கு நல்லதல்ல. சானி அடிவாரத்தில், 1,500 மீட்டரில், இரண்டு இரவு தங்கிய பிறகே ஏறினேன். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 1,332 மீட்டர் ஏற்றம். 1948-ல்தான் முதல் ஜீப் இந்தப் பாதையில் ஏறியது. இன்றும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டுமே தென்னாப்பிரிக்கச் சாவடியில் மேலே விடுகிறார்கள்; சைக்கிளுக்குத் தடையில்லை. இரண்டு சாவடிக்கும் இடையே சுமார் எட்டு கி.மீ. என் சூத்திரம் அன்றைய நாளுக்கு ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் சொன்னது. ஆனது ஏழு மணி பத்து நிமிடம். கடைசி வளைவுகளில் அரை மணி தள்ளினேன்.

மறுநாள் கொட்டிசெபோலாவைப் பதினொன்றரைக்கே தாண்டி மொக்கோட்லாங்கில் இறங்கினேன். அதற்கு அடுத்த நாள் நான் வெறுமையாக விட்டிருந்த நாள். காலையிலிருந்து மழை, மதியம் மலை மேலெல்லாம் இடி. தகரக் கூரை விடுதியில் படுத்துக்கொண்டு செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஐந்தாம் நாள், தாபா-ட்செகா போகும் கப்பிச்சாலையில், கேரியரின் கீழ்ப் போல்ட் சட்டத்துக்குள்ளேயே முறிந்தது. உடைந்த துண்டை வெளியே எடுக்க வழியில்லை. சங்ககிரி மெக்கானிக் கொடுத்த இரண்டு கிளாம்பையும் சட்டத்தின் குழாயோடு சேர்த்து இறுக்கினேன், அடியில் பழைய டியூப் துண்டு வைத்து. இருபது நிமிட வேலை. ஆடு மேய்க்கும் இரண்டு பையன்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். ஒருவன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கிளாம்ப் மசேரு வரை, அங்கிருந்து சேலம் வரை அப்படியே நின்றது.

தாபா-ட்செகாவிலிருந்து மசேரு வரும் வழியில் ஒரு கணவாய்க்கு ஆங்கிலத்தில் நீலமலைக் கணவாய் என்று பெயர். உயரம் 2,630 மீட்டரை ஒட்டி. எங்கள் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637. அதைப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு அடுத்து இறங்கும் ஒரு கணவாயின் பெயர் மொலிமோ ன்துசே. கடவுளே காப்பாற்று என்று பொருள். அந்த இறக்கத்தில் நான்கு முறை நின்று ரோட்டரை ஆறவிட்டேன். அடியில் வந்து பார்த்தபோது முன் பேடில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருந்தது.

ஒன்பது ஓட்ட நாளில் ஏழு நாள் சூத்திரம் முக்கால் மணிக்குள் ஒத்துப்போனது. ஒத்துவராத இரண்டும் கப்பிச்சாலை நாட்கள். கப்பிக்கு 10 என்று வைத்தது அதிகம். அடுத்த முறை 8 என்று வைப்பேன்.

போன வாரம் பைகளைச் சங்ககிரிக்கு எடுத்துப் போனேன். வலது பையின் கீழ் மூலை கேரியர் கம்பியில் உரசி நூல் தெரிந்தது. அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேற எங்க தேஞ்சுதுன்னு சொல்லு தம்பி, அங்கெல்லாம் ரெண்டு மடிப்பு வச்சுடலாம்” என்றார். சாக்பீஸ் வாங்கி, தேய்ந்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.